உரிமம் திரும்பும் வழி

சாலையில் நேர்ந்த குற்றத்திற்குத் தமிழர் கூறும் தீர்ப்புகளுள் எல்லோரும் அறிந்தது மனுநீதிச் சோழன் கதை. இளவரசன் ஊர்ந்து வந்த தேர்க்காலில் கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் மகனென்றும் பாராமல் அவனைத் தெருவில் கிடத்தி, அவன் மேல் தேரைச் செலுத்தினான். முடிவில் இறையருளால் கன்றும் எழுந்தது, மைந்தனும் எழுந்தான் என்று புராணம் சொல்கிறது.

நம் காலத்துச் சாலைகளில் மாண்டவர் எழுவதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல் என்று ஆகிறது. அவர்களுள் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் பெற்றது தமிழ்நாடு, 64,105 விபத்துகள். எதற்கெடுத்தாலும் முதலிடம் என்று மார்தட்டும் நாம், இந்த முதலிடத்தை எண்ணி நாணத்தான் வேண்டும்.

ஆகவே, தவறாக ஓட்டியவரின் உரிமத்தைச் சில காலம் நிறுத்தி வைக்கும் சட்டத்தை எதிர்த்து எழுதுவது என் நோக்கமன்று. அந்தச் சட்டம் வேண்டும். இன்னும் சரியாக நடைபெறவும் வேண்டும். நான் கேட்பது வேறொரு கேள்வி. நிறுத்தி வைத்த உரிமம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது? அந்த வழி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதா? தெரியாவிட்டால் அதனால் கெடுவது ஓட்டுநர் மட்டுமா, சாலையில் நடக்கும் நாமுமா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதனை நிறுத்தி வைக்கவும் ரத்துச் செய்யவும் அதிகாரம் தருகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதனை மேலும் இறுக்கியது. மிகை வேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், தலைக்கவசம் இன்றி ஓட்டுதல், இருசக்கர வண்டியில் மூவர் ஏறிச் செல்லுதல், ஆம்புலன்சுக்கு வழி விடாமை போன்ற குற்றங்களைக் கண்டால் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிம அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 206ஆம் பிரிவில் சேர்த்தது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் ஆபத்தாக ஓட்டுதலில் அடங்கும். அவ்வாறு அனுப்பப்பட்ட உரிமம் முதற் குற்றத்திற்கு மூன்று மாதம் நிறுத்தப்படலாம். மறுமுறை குற்றம் செய்தால் ரத்தே ஆகலாம்.

இந்தக் கண்டிப்பிற்குப் பின்னால் ஒரு தமிழரின் முயற்சியும் உண்டு என்பதைப் பலர் அறியார். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014இல் நீதியரசர் கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், மிகை வேகம், குடிபோதை, ஓட்டும்போது தொலைபேசி முதலிய குற்றங்களுக்கு மூன்று மாதத்திற்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்துங்கள் என்று 2015இல் அக்குழு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. உடைந்த எலும்புகளை நாள்தோறும் கண்ட மருத்துவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார் என்றால், அதன் பொருள் நமக்கு விளங்க வேண்டும்.

அதே 19ஆம் பிரிவில் வேறு சில வரிகளும் இருக்கின்றன. அவற்றை மக்கள் படிப்பதில்லை. படித்துக் காட்டுவாரும் இல்லை. உரிமத்தை நிறுத்தும் முன் உரிமக்காரர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். நிறுத்துவதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆணை கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். காலம் முடிந்ததும் உரிமம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால் மட்டுமே கிடைக்கும். பிறிதொரு பிரிவான 23இன்படி, நீண்ட காலம் நிறுத்தப்பட்டவர் ஆறு மாதம் கழிந்தபின் தடையை நீக்குமாறோ குறைக்குமாறோ விண்ணப்பம் செய்யலாம். காவலருக்குக் கைப்பற்றும் அதிகாரம் உண்டு, நிறுத்தி வைக்கும் அதிகாரம் உரிம அதிகாரிக்கே உரியது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

சட்டம் கதவைச் சாத்துகிறது. கூடவே திறவுகோலையும் வைத்திருக்கிறது. திறவுகோல் இருக்கும் இடந்தான் பலருக்குத் தெரியவில்லை.

நம் சங்க விழாக்களுக்குப் பந்தல் சாமான் ஏற்றி வரும் வேன் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். சேலம் மாவட்டத்துக்காரர். தில்லிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தி பேசுவார், படிக்க வராது. ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டினார், பிடிபட்டார். உரிமத்தை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதே ஓட்டுவதற்கு அனுமதி என்று அவர் நினைத்துக்கொண்டார். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. உரிமம் திரும்பி வரும்வரை அந்த ரசீதைக் கொண்டு ஓட்டக் கூடாது. பின்னர் ஒரு கடிதம் வந்தது. நேரில் வந்து விளக்கம் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அதனை அவர் அபராதச் சீட்டு என்றெண்ணி அலமாரியில் வைத்துவிட்டார். விசாரணை நாள் கடந்தது. மூன்று மாத ஆணை பிறந்தது. மூன்று மாதம் கழித்து அலுவலகம் சென்றபோது பயிற்சிச் சான்று எங்கே என்று கேட்டார்கள். எந்தப் பயிற்சி, எங்கே, எத்தனை நாள் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் நின்ற தரகருக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது, விலையும் தெரிந்திருந்தது.

என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "சலான் பணத்தை அன்னைக்கே கட்டிட்டேன் தம்பி. அப்புறமும் கார்டு ஏன் வரலைன்னுதான் புரியல." அபராதம் வேறு, உரிம நிறுத்தம் வேறு என்பதை அவருக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அபராதம் கட்டிச் சமாதானமாகப் போனாலும் உரிம நடவடிக்கையும் புத்தாக்கப் பயிற்சியும் நீங்கா என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. மூன்று மாதம் என்று எழுதியிருந்த ஆணை அவருக்கு ஐந்து மாதமாயிற்று. அந்த ஐந்து மாதமும் அவர் பிறர் ஓட்டிய வண்டியில் மூட்டை தூக்கினார்.

அவர் செய்தது குற்றந்தான். தண்டனையும் நியாயந்தான். மூன்று மாதம் சட்டம் விதித்தது. கூடுதலாக வந்த இரண்டு மாதத்தை விதித்தது யார்? எந்தச் சட்டமும் அன்று; அறியாமையே விதித்தது.

சட்டத்தின் கண்ணுக்கு எல்லோரும் சமம் என்கிறோம். நாள் கணக்கில் அது சமந்தான். பாரத்தில் சமமா? மாணவன் ஒருவனின் உரிமம் மூன்று மாதம் நின்றால் அவன் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ வகுப்புக்கு வருவான். நண்பன் வண்டியின் பின்னால் அமர்வான். ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவனின் உரிமம் மூன்று மாதம் நின்றால் அவன் வீட்டு அடுப்பு மூன்று மாதம் தடுமாறும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் லாரிகள் இந்தியாவின் எல்லா மூலைகளுக்கும் போகின்றன. அந்த ஓட்டுநர்கள் ஊர் விட்டு ஊர் வந்து, தெரியாத மொழியில் எழுதிய தாளை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தத் தாளில்தான் அவர்களுடைய பிழைப்பு இருக்கிறது.

"தண்டனை என்றால் கடினமாகத்தான் இருக்கும். அஞ்சினால்தானே திருந்துவான்? திரும்பும் வழியை எளிதாக்கினால் அச்சம் போய்விடாதா?" என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வழியைத் தெளிவாக்குவது வேறு, தண்டனையைக் குறைப்பது வேறு. மூன்று மாதம் மூன்று மாதமாகவே இருக்கட்டும். பயிற்சியும் கண்டிப்பாக இருக்கட்டும். அவை முடிந்தபின் உரிமம் எப்போது வரும், எப்படி வரும் என்று தெரியாத மனிதன் என்ன செய்வான் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் உரிமம் இல்லாமலே ஓட்டுவான். நாட்டு நடப்பு அதுதான்.

உரிமம் நின்ற காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 182ஆம் பிரிவு. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. உரிமம் தடுக்கப்பட்டவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் அதையே காரணங்காட்டித் தன் பொறுப்பை மறுத்து வாதாடச் சட்டம் இடந்தருகிறது. அடிபட்டவரின் குடும்பம் இழப்பீட்டுக்காக நீதிமன்றத்தில் அலைய நேரும். ஆக, திரும்பும் வழி மூடிக் கிடந்தால் ஓட்டுநரோடு அது நிற்பதில்லை. நாளை சாலையைக் கடக்கும் ஒரு தாய்க்கும் அது தீங்காகிறது. ஓட்டுநரிடம் இரக்கம் காட்டச் சொல்லி மட்டும் நான் வாதாடவில்லை. பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதியும் வாதாடுகிறேன்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். அறிவியல் மாணவன் என்ற முறையில் இதில் எனக்கு அக்கறை மிகுதி. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் ஏறுகிறது. வண்டியின் இயக்க ஆற்றலோ நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் அதே அளவில் நீள்கிறது. பள்ளிப் பாடத்தில் உள்ள கணக்குத்தான். ஆனால் ஓட்டுநர் பலருக்கு இதனை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயம் என்பதே சட்டத்தின் எல்லை. அந்த எல்லையைத் தொடும் முன்பே கண்ணும் கையும் தாமதிக்கத் தொடங்கிவிடுகின்றன. இவற்றை அவனுக்கு விளங்கும் மொழியில், படம் போட்டு, பொறுமையாகச் சொல்வதுதான் பயிற்சி. கையெழுத்து வாங்கிச் சான்று கொடுத்து அனுப்புவது பயிற்சியன்று. மூன்று மாதம் சும்மா இருந்தவன் மூன்று மாதத்தை இழந்தவனாகவே திரும்புவான். கற்றவன்தான் மாறித் திரும்புவான்.

கேரள அரசு 2022இல் ஒரு நல்ல வழியைக் காட்டியது. கடுங்குற்றம் செய்து உரிமம் இழந்தவர்கள் எடப்பாளிலுள்ள ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் பயில வேண்டும் என்றும், விபத்துச் சிகிச்சைப் பிரிவிலோ நோய்த்துயர் தணிக்கும் நிலையத்திலோ சில நாள் தொண்டு செய்ய வேண்டும் என்றும் அறிவித்தது. தன் வேகத்தால் என்ன நேரும் என்பதைக் கட்டிலில் கிடப்பவரைப் பார்த்துத் தெரிந்துகொள்பவன் எளிதில் மறக்கமாட்டான். இத்தகைய முயற்சி எல்லா மாநிலங்களிலும் பரவ வேண்டும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நிறுத்தி வைக்கும் ஆணையோடு ஒரு தனித்தாள் தர வேண்டும். எந்த நாளில் காலம் முடிகிறது, எங்கே பயில வேண்டும், எதனைக் கொண்டுவர வேண்டும், மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்ற ஐந்து செய்திகள் அதில் இருந்தால் போதும். அத்தாள் உரிமக்காரர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். கணினியில் உரிமத்தின் வரலாறு முழுவதும் பதிவாகிறது; எந்த ஊரில் பிடிபட்டாலும் எந்த ஊரிலும் பார்க்கலாம். இவ்வளவும் செய்யத் தெரிந்த அரசுக்கு ஒரு தாளைப் பத்து மொழியில் அச்சிடுவது அரிதா? விசாரணையில் சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாதவனுக்குத் தன் பக்கம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது என்று எப்படிச் சொல்வது?

இது தமிழருக்காக மட்டும் கேட்கும் வரமன்று. திருப்பூரிலும் சென்னையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்பவர் கணக்கற்றோர். அவர்களிடம் தமிழில் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, படிக்காதது உன் குற்றம் என்று சொன்னால் அதுவும் அநீதியே. தில்லியில் நமக்கு வேண்டும் என்று கேட்கும் நீதியைத் தமிழ்நாட்டில் அவர்களுக்கு நாம் தரவேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? மாணவத் தோழர்களே, நம் சங்கம் பொங்கல் கொண்டாடுகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, முத்தமிழ் விழா எடுக்கிறது. நல்லது. இவற்றோடு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு மணி நேரம், சங்க அறையில் ஒரு மேசை போட முடியாதா? இந்தியும் ஆங்கிலமும் அறிந்த இருவர் அங்கே அமரட்டும். வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லட்டும். விளக்கக் கடிதம் எழுதித் தரட்டும். சட்டக் கல்லூரியில் பயிலும் நம்மவர் மேல்முறையீட்டிற்குரிய நாளைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். இதற்கு நிதி வேண்டாம், மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு பேனாவும் சிறிது பொறுமையும் போதும்.

அந்த மேசையில் வருபவரிடம் நாம் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. விசாரணைக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சியைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். நிறுத்தம் இருப்பதை மறைத்து வேறு ஊரில் புது உரிமம் எடுக்க முயலாதீர்கள். அதுவும் குற்றம், கணினியும் காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்தம் நடக்கும்போதே உரிமத்தின் காலம் முடிகிறதா என்று பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டியிருக்கும். தரகரிடம் போகாதீர்கள். அவர் விற்பது உங்களுக்கு ஏற்கெனவே உரிய ஒன்றை.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தேநீர் குடிக்க ஒரே வண்டியில் மூவர் ஏறிப் போவதை நம் விடுதி வாசலில் நாள்தோறும் காணலாம். தலைக்கவசம் பின்னிருக்கையில் பூட்டோடு தொங்கும். தலை வெறுந்தலையாகப் போகும். இரண்டு குற்றத்திற்கும் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத நிறுத்தமும் சட்டத்தில் உண்டு. வேன் ஓட்டுநருக்குக் கடிதம் எழுதித் தரும் கை தன் தலைக்கவசத்தை முதலில் மாட்டிக்கொள்ளட்டும். அதன் பின் நாம் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு வரும்.

குற்றம் செய்தவனைத் தடுத்து நிறுத்தும் துணிவும், காலம் முடிந்தபின் அவன் நேர்வழியில் திரும்ப வழிகாட்டும் அறிவும் ஒரு சமுதாயத்திற்கு ஒருங்கே வேண்டும். முதலாவது நம்மிடம் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதற்கு அரசு ஒரு தாளை அச்சிட வேண்டும். நாம் ஒரு மேசை போட வேண்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக வைக்க இருக்கிறேன். தோழர்கள் ஆதரவு தர வேண்டுகிறேன்.